மின்சார கிளைடர்: முதல் மாதிரி வானூர்தியைத் தேர்ந்தெடுத்தல்

மின்சார கிளைடர் என்பது மின்கலத்தால் சுழலும் சிறு விசிறியின் உதவியால் மேலேறி, பின்னர் விசிறியை நிறுத்திவிட்டுக் காற்றில் சறுக்கியபடியே மெல்ல இறங்கும் மாதிரி வானூர்தி ஆகும். தரையில் நிற்பவர் தம் கையிலுள்ள வானொலிக் கருவியால் இதனை இயக்குகிறார். பேச்சு வழக்கில் 'ஆர்.சி. பிளேன்' எனப்படும் மாதிரி வானூர்திகள் பலவகைப்படும். அவற்றுள் புதிதாகக் கற்பவருக்கு மிகவும் ஏற்றது இவ்வகையே. மெதுவாகப் பறப்பதும், கைவிட்டால் தானாகவே நிமிர்வதும், தரையில் மோதினாலும் பெரும்பாலும் ஒட்டிச் சரிசெய்ய முடிவதும் இதற்குக் காரணங்கள்.

எந்தக் கிளைடரை வாங்குவது அல்லது செய்வது என்பதை அது பறக்கவிருக்கும் நிலமும் காற்றும் பெருமளவு தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை திருநெல்வேலியையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்தேர்வை விளக்குகிறது.

வரலாற்றுச் சுருக்கம்

1871-இல் பிரான்சு நாட்டு அல்போன்சு பெனோ, முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கிய சிறு வானூர்தியைப் பாரிசு நகரத் தோட்டமொன்றில் பறக்கவிட்டார். தானாகச் சமநிலை காக்கும் மாதிரி வானூர்திகளுக்கு அது முன்னோடியாயிற்று. 1937-இல் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் வானொலியால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். மின்விசையால் இயங்கி வானொலியால் கட்டுப்படுத்தப்பட்ட மாதிரி விமானத்தின் முதல் அதிகாரபூர்வப் பறப்பு 1957 சூன் 30-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கர்னல் எச். ஜே. டாப்ளின் உருவாக்கிய அந்த விமானத்தின் பெயர் 'ரேடியோ குயின்'.

அக்கால மின்கலங்கள் கனமானவை. ஆதலால் மின்சார விமானம் நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தது. எடை குறைந்த லித்தியம் பாலிமர் மின்கலமும், தூரிகையில்லா மோட்டாரும், வார்ப்பு நுரையும் பரவிய பின்னரே இது மாணவர்கள் எட்டக்கூடிய பொழுதுபோக்காயிற்று. இன்று பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு 'எஃப்5ஜே' என்ற பெயரில் மின்சார கிளைடர்களுக்கெனத் தனிப்போட்டிப் பிரிவையே வைத்துள்ளது. அதில் மோட்டாரை அதிகபட்சம் 30 விநாடி மட்டுமே இயக்கலாம். மீதி நேரம் முழுவதும் காற்றை நம்பியே பறக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாதிரி வானூர்திக் கலையைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொண்டுள்ளது. 1949-இல் தொடங்கப்பட்ட குரோம்பேட்டை மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் வானூர்திப் பொறியியலுக்குப் பெயர்பெற்றது. அப்துல் கலாம் அங்குப் பயின்றவர்.

முதல் தேர்வில் நேரும் பிழை

புதிதாக வாங்குவோர் பலரும் பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும் போர் விமான வடிவத்தையே முதலில் நாடுகின்றனர். அவ்வடிவங்களின் இறக்கை சிறியது, எடை மிகுந்தது. ஆகவே அவை விரைவாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். பழகாத கை ஒரு திருப்பத்தில் தடுமாறினால், அதைச் சரிசெய்ய ஓரிரு விநாடி மட்டுமே கிடைக்கும். மாதக்கணக்கில் சேர்த்த பணம் முதல் நிமிடத்திலேயே தரையில் சிதறிவிடும்.

பணம் மட்டும் இழப்பன்று. அருகில் பயிற்றுநர் இல்லாத ஊரில் முதல் விமானம் நொறுங்கியதும், 'இது நமக்கு வராது' என்று மாணவர் ஒதுங்கிவிடுவதே பெரிய இழப்பு. வீட்டாரும் இரண்டாவது முறை பணம் தரத் தயங்குவர். தவற்றைப் பொறுத்துக்கொண்டு மறுநாளும் பறக்கக்கூடிய விமானம் எது என்பதே முதல் தேர்வில் கேட்கவேண்டிய கேள்வி.

இறக்கைச் சுமை

ஒரு விமானம் மெதுவாகப் பறக்குமா என்பதை வாங்குமுன்பே கணக்கிட்டு அறியலாம். விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. மாதிரி வானூர்திகளில் இதனை ஒரு சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர். ஒரு சதுர டெசிமீட்டர் என்பது 100 சதுர செ.மீ.

எடுத்துக்காட்டாக, 140 செ.மீ. நீளமும் சராசரியாக 18 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 2520 சதுர செ.மீ., அதாவது 25.2 சதுர டெசிமீட்டர். மின்கலத்துடன் எடை 700 கிராம் எனில், இறக்கைச் சுமை ஏறக்குறைய 28. இத்தகைய கிளைடர் மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகம் வரை குறைந்தாலும் விழாமல் பறக்கும். இது விரைவாக மிதிவண்டி ஓட்டுபவரின் வேகம்தான்.

இதனுடன் 80 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையுடன் 600 கிராம் எடையுள்ள போர் விமான மாதிரியை ஒப்பிடலாம். அதன் பரப்பு 12 சதுர டெசிமீட்டர், இறக்கைச் சுமை 50. எடை குறைவாக இருந்தும், மணிக்குச் சுமார் 33 கி.மீ.க்குக் கீழே சென்றால் அது தூக்குவிசையை இழந்து விழும். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். தொடக்கநிலையினர்க்கு 20 முதல் 30 வரையிலான இறக்கைச் சுமை ஏற்றது.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

இறக்கையின் வளைவு: முன்னிருந்து பார்க்கையில் இரு இறக்கைகளும் நுனியில் சற்றே உயர்ந்து அகன்ற 'V' வடிவில் இருக்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அப்பக்கமே வழுக்கும்போது, தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்து அது தானாக நிமிரும். குழப்பம் ஏற்பட்டால் குச்சிகளிலிருந்து விரல்களை எடுத்துவிட்டாலே போதும். உயரம் மட்டும் இருந்தால் விமானம் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும்.

மோட்டாரின் இடம்: மூக்கில் மோட்டார் உள்ள கிளைடர் அழகானது, திறனும் மிக்கது. ஆனால் மூக்கு தரையில் குத்தும்போது விசிறி, தண்டு, மோட்டார் தாங்கி ஆகியவை பழுதாகும். மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈசிஸ்டார், அதைப் போன்ற பிக்ஸ்லர் ஆகிய மாதிரிகளில் மோட்டார் இறக்கைக்கு மேலே பின்னோக்கி அமைந்துள்ளது. மோதலை நுரை மூக்கு தாங்கிக்கொள்ளும், விசிறி தப்பிக்கும். ஏறக்குறைய 1.4 மீட்டர் இறக்கை நீளமுள்ள இவ்வடிவம் கற்பவர்க்கான இலக்கணமாகவே கருதப்படுகிறது. கையால் எறியும்போது விரல்கள் பின்னாலுள்ள விசிறியின் பாதையில் செல்லாதபடி பிடிப்பது கட்டாயம்.

நுரையின் வகை: கடைகளில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் எளிதில் உடையும். ஈ.பி.ஓ., ஈ.பி.பி. எனப்படும் நுரைகள் நெளிந்து கொடுக்கும். ஒட்டும் பசையிலும் வேறுபாடு உண்டு. ஈ.பி.ஓ. நுரையை நொடியில் ஒட்டும் பெவிகுவிக் போன்ற பசையால் களத்திலேயே ஒட்டிப் பறக்கவிடலாம். அதே பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோலுக்கு வெள்ளை பெவிகால் போன்ற நீர்ப்பசையே ஏற்றது.

கட்டுப்பாடுகள்: மோட்டார், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கம் திருப்பும் சுக்கான் ஆகிய மூன்றே தொடக்கத்துக்குப் போதும். இறக்கையைச் சாய்க்கும் எய்லரானும் சேர்ந்தால் நான்கு சேனல் ஆகும். நான்கு சேனல் விமானத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் இறக்கை வளைவு உள்ளதாக இருந்தால்தான் தானாக நிமிரும் பண்பு கிடைக்கும்.

கருவியும் மின்கலமும்

இக்கால வானொலிக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. 6 சேனல் உள்ள எளிய கருவி ஒன்றை வாங்கினால், விமானங்கள் மாறினாலும் அது பல ஆண்டுகள் பயன்படும். ஒரு விமானத்துக்கு மட்டுமே உதவும் விளையாட்டுப் பொருள் கருவியைத் தவிர்ப்பது நல்லது. இடக்கைக் குச்சியில் மோட்டார் வேகம் அமைந்த முறை 'மோடு 2' எனப்படும். உடன் பறப்பவர் எந்த முறையைப் பயன்படுத்துகிறாரோ அதையே தேர்ந்தெடுத்தால், இடையில் தடுமாறும்போது அவர் கருவியை வாங்கி விமானத்தைக் காப்பாற்ற முடியும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி கருவியை முன்கூட்டியே அமைக்க வேண்டும்.

லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் 3.7 வோல்ட்டு எனக் குறிக்கப்படும். மூன்று அறைகள் சேர்ந்தது 11.1 வோல்ட்டு. முழுமையாக மின்னேற்றியபோது ஓர் அறையில் 4.2 வோல்ட்டு இருக்கும். 3.5 வோல்ட்டு அளவில் இறக்கிவிடுவது பாதுகாப்பு. 2200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் 1760 கிடைக்கும். மோட்டார் 20 ஆம்பியர் இழுத்தால் 30 விநாடி ஏற்றத்துக்குச் சுமார் 167 செலவாகும். அதாவது பத்து முறை மேலேறலாம். ஒவ்வொரு முறையும் 100 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 1 மீட்டர் வீதம் இறங்கினால் 100 விநாடி கிடைக்கும். ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரே மின்கலத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பயிற்சி பெறலாம். மோட்டாரை நிறுத்தாமல் பறக்கும் விமானத்தில் இதே மின்கலம் இதில் ஒரு பகுதி நேரமே வரும். கற்பவர்க்குக் கிளைடர் மலிவாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மின்கலம் தவறாகக் கையாளப்பட்டால் தீப்பற்றும். அறைகளைச் சமன்செய்யும் மின்னேற்றியில், கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டத்திலேயே, அதாவது 2200-க்கு 2.2 ஆம்பியரில், ஏற்ற வேண்டும். மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, அருகில் ஆள் இருக்கும்போது மட்டுமே ஏற்றுவது நலம். உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பல நாள் எடுத்து வைப்பதாயின் அறைக்கு 3.8 வோல்ட்டு அளவில் வைக்க வேண்டும். நெல்லை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ, இருசக்கர வண்டி இருக்கையின் அடிப்பெட்டியிலோ விட்டால் மின்கலம் பழுதாகும். காருக்குள் விட்ட நுரை இறக்கையும் வளைந்துவிடும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் காற்றும் பருவமும்

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நெருக்குண்டு விரைந்து வீசுகிறது. தென்காசிப் பக்கத்திலும் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. குற்றாலச் சாரல் காலமாகிய சூன் முதல் செப்டம்பர் வரை இப்பகுதியின் காற்று தொடக்கநிலைக் கிளைடருக்கு ஏற்றதன்று.

காரணம் எளிது. கிளைடர் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பறக்கிறது, எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வீசுகிறது என்று கொண்டால், விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். காற்று கூடினால் பின்னோக்கி நகரும். காற்றோடு திரும்பினாலோ தரையைப் பொறுத்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பார்வையை விட்டு மறையும். ஆகவே காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தில் பாதியைத் தாண்டாத நாளிலேயே பறக்க வேண்டும். கருவி இல்லாமலும் இதை அறியலாம். இலைகள் மட்டும் அசைந்தால் பறக்கலாம். புழுதி கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் காற்று மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் என்று பொருள். அன்று விமானம் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பிசானப் பயிர் நட்ட வயல்களில் நீர் நிற்கும். சனவரி முதல் காற்று தணிகிறது. பிசான அறுப்பு முடிந்த வயல்கள் தாள் மட்டும் நிற்கும் அகன்ற, மென்மையான களமாக மாறும்போது கற்பதற்கான நல்ல காலம் தொடங்குகிறது. கோடையில் வற்றிய குளத்துப் படுகைகளும் பயன்படும். எல்லா மாதத்திலும் விடிந்தபின் ஓரிரு மணி நேரமே காற்று மிக அமைதியாக இருக்கும் பொழுது.

வெயில் ஏறியபின் சூடான நிலத்திலிருந்து வெப்பக் காற்று தூண்போல் மேலெழும். பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுவது அத்தூணுக்குள்தான். தேர்ந்தவர்கள் பருந்தைப் பார்த்து அங்கே கிளைடரைச் செலுத்தி மோட்டார் இல்லாமலேயே உயரம் பெறுவர். ஆனால் அத்தூணைச் சுற்றிக் காற்று கீழிறங்கவும் செய்யும். திருப்பவும் இறக்கவும் நன்கு பழகிய பின்னரே முற்பகல் காற்றில் பறப்பது தகும்.

இடமும் பாதுகாப்பும்

எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர் திறந்தவெளி தேவை. பனைமரமும் மின்கம்பியும் இப்பகுதியின் முதன்மையான தடைகள். மின்கம்பியில் சிக்கிய விமானத்தைக் கம்பாலோ தொரட்டியாலோ எடுக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. அதனை மின்வாரியத்தாரிடம் தெரிவித்துவிட்டு ஒதுங்குவதே முறை. ஒரு கிளைடருக்காக ஓர் உயிரை ஈடு வைக்க முடியாது. வயல் உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும். ஆட்கள், கால்நடைகள், சாலை ஆகியவற்றின் மேலே பறக்கவிடக் கூடாது.

ஆளில்லா வானூர்திகளுக்கான இந்திய விதிகள் 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன. நான்கு விசிறி உள்ள டிரோனுக்கு மட்டுமன்றி, இறக்கையுள்ள மாதிரி விமானத்துக்கும் அவை பொருந்தும். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்பது எடைப் பிரிவு. நானோ பிரிவுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் மைக்ரோ பிரிவுக்கும் விமானி உரிமம் தேவையில்லை. கண்பார்வைக்குள் கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகப் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழும் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் இது 200 அடியாகக் குறையும். பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் மண்டலத்தையும், பதிவு எண் குறித்த நடைமுறையையும் சரிபார்க்க வேண்டும்.

இப்பகுதியில் விலக வேண்டிய இடங்கள் பல. வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் ஆகியவை உள்ளன. மலைச்சரிவில் மேலெழும் காற்று கிளைடருக்கு ஏற்றதாயினும், மேற்கே பாபநாசம் மலைகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டி வாழ்கின்றன. இவ்விரு இடங்களிலும் அவற்றின் அருகிலும் பறக்கவிடக் கூடாது.

முழுமையாகப் பூட்டிய டிரோன்களையும் அவற்றின் பிரித்த தொகுதிகளையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை விதிக்கப்பட்டது. உதிரி பாகங்களுக்கு அத்தடை இல்லை. ஆகவே வெளிநாட்டுத் தளத்தில் முழு விமானத்தைக் கேட்டு எழுதினால் அது சுங்கத்தில் நின்றுவிடக் கூடும். உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதோ, நுரைத்தாளில் தாமே செய்வதோ தக்கது.

படிப்படியான பயிற்சி

முதற்படி, மோட்டார் இல்லாத சிறு கிளைடரைத் தெர்மாகோல் அல்லது நுரைத்தாளில் செய்து கையால் எறிவது. மூக்கில் களிமண் ஒட்டி எடையை மாற்றிப் பார்த்தால் சமநிலை என்னும் பாடம் கைக்கே புரிந்துவிடும். விமானத்தை இறக்கையின் அடியில் இரு விரல்களால் தாங்கும்போது, இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில் அது சமமாக நிற்க வேண்டும். வால் கனத்த விமானத்தை அடக்குவது கடினம். மூக்கு சற்றே கனத்தால் தீங்கில்லை.

இரண்டாம் படி, கணினிப் பயிற்சி. பிகாசிம் போன்ற இலவச மென்பொருளில் எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை. குறிப்பாக, விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும் குழப்பம் இதில்தான் தீரும்.

மூன்றாம் படி, களம். மோட்டாரை இயக்காமல் தாளடி வயலில் எதிர்க்காற்றில் நேராக எறிந்து, சீராகச் சறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாடுகள் சரியான திசையில் அசைகின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். பிறகு மோட்டாரை இயக்கி எறிந்து, உயரம் பெறும்வரை திருப்பாமல் நேராகச் செலுத்த வேண்டும். விமானத்தை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே வைத்திருந்தால், மோட்டார் நின்றாலும் காற்றே அதை நம்மிடம் கொண்டுவரும்.

வாங்குமுன் சரிபார்க்க

1. இறக்கை நீளம் 1.2 முதல் 2 மீட்டர் வரை, இறக்கைச் சுமை 30-க்குள் உள்ளதா?
2. இறக்கையில் நுனி உயர்ந்த வளைவு உள்ளதா?
3. விசிறி, இறக்கை, வால் ஆகியவை தனித்தனியே உள்நாட்டில் கிடைக்கின்றனவா?
4. வானொலிக் கருவி, மின்கலம், மின்னேற்றி ஆகியவை விலையில் சேர்ந்தனவா, தனியா?
5. கையிலுள்ள தொகை முழுவதையும் விமானத்துக்கே செலவிடாமல், இரண்டாவது மின்கலத்துக்கும் உதிரி விசிறிகளுக்கும் பசைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளதா?
6. பறக்கவிருக்கும் வயலையும் அதன் காற்றையும் ஒரு காலையிலாவது நேரில் சென்று பார்த்தாயிற்றா?

இவற்றுள் ஆறாவதற்குப் பணம் தேவையில்லை. பெரும்பாலோர் அதனையே கடைசியில் செய்கின்றனர். அதை முதலில் செய்பவர், மற்ற ஐந்துக்கும் உரிய விடையை அந்த வயலிலேயே பாதி கண்டறிந்துவிடுவார்.